சுமலதாவின் வெள்ளிக்கிழமை அபிப்பிராயங்கள்

இப்படிப் பக்கத்தில் வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கதவோரம் நிற்பவர்களும் உள்ளே வந்துவிடுங்கள். நெடுஞ்சாலையில் லாரி போகிற இரைச்சலில் என் குரல் அங்கே எட்டாது. இன்றைக்கு ராஜா கதை இல்லை, பேய்க் கதையும் இல்லை. பிள்ளைகளுக்கான புத்தகங்களைப் படித்து, மனதில் பட்டதை மறைக்காமல் சொன்ன ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன். நடுவில் சிரிப்பு வரும். ஆனால் சிரித்தபடி எழுந்து போகிற கதை இல்லை. அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சூளகிரிக்குப் பக்கத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளி. அதில் சுமலதா நூலகர். எங்கள் வீட்டு மாடியில்தான் அவள் குடியிருக்கிறாள், அதனால்தான் இதெல்லாம் எனக்குத் தெரியும். சொந்த ஊர் பாகலூர். வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ் என்று வளர்ந்தவள். மூன்றிலும் சண்டை போடுவாள், மூன்றிலும் சமாதானம் ஆவாள். அரசாங்க வேலை இல்லை. பள்ளி நிர்வாகம் வைத்துக்கொண்ட ஆள். நூலக அறை இருக்கிறவரைதான் அவளும் நூலகர்.

புத்தகங்கள் ஒரு கம்பெனியிலிருந்து வரும். கார்களுக்குள்ளே ஓடுகிற ஒயர்க் கட்டுகளைச் செய்யும் கம்பெனி அது. பள்ளிப் பிள்ளைகளில் பாதிப் பேருடைய அப்பாவோ அம்மாவோ அந்தத் தொழிற்பேட்டையில்தான் ஏதோ ஒரு கேட்டுக்குள் போய் வருகிறார்கள். வருஷாவருஷம் பள்ளி திறந்ததும் அட்டைப்பெட்டிகளில் புதுப்புது சிறுவர் புத்தகங்கள் வந்து இறங்கும். வழவழப்பான தாள், பளபளக்கும் படங்கள்.

அவற்றை அப்படியே அலமாரியில் அடுக்கிவிட மாட்டாள் சுமலதா. ஒவ்வொன்றையும் தான் முதலில் படிக்க வேண்டும். பஸ்ஸில் படிப்பாள், துணி காயப்போட்டுவிட்டு மொட்டை மாடி நிழலில் படிப்பாள். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் பிள்ளைகளைத் தரையில் உட்கார வைத்து, அந்த வாரம் படித்ததைப் பற்றித் தன் அபிப்பிராயத்தைச் சொல்வாள்.

எப்படிச் சொல்வாள் தெரியுமா? 'மேகத்தின் தங்கை' என்று ஒரு புத்தகம். ஒரு சிறுமி மேகத்தின் மேலே ஏறி ஊர் ஊராகப் போகிறாள். அதைத் தூக்கிக் காட்டி, இந்தப் பெண் இமயமலைவரைக்கும் போய் வருகிறாள், வழியில் ஓரிடத்தில்கூட அவளுக்குப் பசிக்கவில்லை, ஒண்ணுக்கும் வரவில்லை, எழுதினவர் பஸ்ஸில்கூட நெடுந்தூரம் போனதில்லை போலிருக்கிறது என்றாள். பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். இன்னொன்றில் பட்டணத்துப் பெண் லீவுக்குக் கிராமத்துக்குப் போய் மரம், ஆறு, மாமா, மாம்பழம் எல்லாவற்றையும் கண்டு மகிழ்கிறாள். அந்த ஊரில் ஒருத்தருக்கும் வேலை கிடையாதா, எல்லாரும் அவளுக்கு மாம்பழம் பறித்துக் கொடுக்கத்தான் பிறந்தார்களா, உங்கள் அம்மா ஷிப்ட்டுக்குப் போகிற நேரத்தில் இவள் வந்திருந்தால் பூட்டின வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பாள் என்றாள். முயலின் புத்திமதியைக் கேட்டுப் புலி காய்கறி தின்னத் தொடங்கும் கதையை, இது முயல்கள் தங்களுக்குள்ளே சொல்லிக்கொள்ள வேண்டிய கதை என்று ஒதுக்கிவிட்டாள். எறும்புகளைப் பற்றிய ஒரு சின்னப் புத்தகத்தை மட்டும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, இதை எழுதினவர் எறும்பு வரிசைக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்திருக்கிறார், ஒரு பொய்கூட இதில் கிடையாது என்றாள்.

இன்னொரு பழக்கமும் அவளுக்கு இருந்தது. கதையைப் பாதியில் நிறுத்திவிட்டு, மீதியைப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லவே மாட்டாள். முழுக்கதையையும் முடிவோடு சொல்லிவிடுவாள். முடிவு தெரிந்த பிறகும் எது நம்மைக் கூப்பிடுகிறதோ அதுதான் புத்தகம், மற்றதெல்லாம் விடுகதை என்பது அவள் கட்சி. சொல்லும்போது ஒரே மொழியிலும் நிற்க மாட்டாள். தெலுங்குப் பிள்ளைகளின் முகம் வாடினால் புலி தெலுங்கில் உறுமும். கன்னடப் பிள்ளைகள் பக்கம் திரும்பினால் மேகம் கன்னடத்தில் இடிக்கும்.

அவள் யாருக்கும் பரீட்சை வைத்ததில்லை. மற்ற வகுப்புகளில் போதுமான அளவு கேள்வி கேட்கிறார்கள், இங்கேயாவது சும்மா இருக்கட்டும் என்பாள். பிள்ளைகள் புத்தகம் எடுத்துப் போவார்கள், அடுத்த வாரம் கொண்டுவந்து வைப்பார்கள். கிழிசல் இருக்காது, எண்ணெய்க் கறை இருக்காது. எவ்வளவு பத்திரமாக வைத்துக்கொள்கிறார்கள் பாருங்கள் அக்கா என்று என்னிடம் பெருமைப்பட்டுக்கொள்வாள்.

அந்தக் கூட்டத்தில் எட்டாம் வகுப்புக் காவியாதான் அவளுக்கு உயிர். காவியாவின் அம்மா கெம்பம்மா ஒயர்க் கம்பெனியில் கூட்டிப் பெருக்கும் ஒப்பந்த வேலையில் இருந்தாள். வீட்டில் கன்னடம். காவியா சுமலதாவின் அபிப்பிராயத்தைக் கேட்டுவிட்டு, அதற்கு மேலே தன் அபிப்பிராயம் ஒன்றைச் சொல்வாள். அந்தப் பட்டணத்துப் பெண்ணைப் பற்றி அவள் சொன்னது, "மாம்பழம் தின்னுட்டு கொட்டைய எங்க மிஸ் போட்டா? யாரோ கூட்டி அள்ளியிருக்கணும் இல்ல, அவங்க கதையில வரவே இல்ல." சுமலதா அன்றைக்கு மாடிப்படி ஏறாமல் நேராக என்னிடம் வந்து இதைச் சொல்லி, இவள் ஒருநாள் எழுதுவாள் அக்கா என்றாள்.

கார்த்திகை மாதத்தில் தலைமையாசிரியர் பாஸ்கரன் அவளைக் கூப்பிட்டனுப்பினார். கம்பெனிக்காரர்கள் நூலக அறையைக் கேட்கிறார்கள் என்றார். அங்கே மேஜைகள் போட்டு, பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒயர் கட்டும் பயிற்சி கொடுக்கப் போகிறார்களாம். படிப்பு முடிந்ததும் நேராக வேலைக்கு எடுத்துக்கொள்வார்களாம். பெற்றோர்களும் அதைத்தான் விரும்புகிறார்கள். பாஸ்கரன் கெட்டவர் இல்லை. புத்தகங்களைப் பிள்ளைகள் உண்மையிலேயே படிக்கிறார்கள் என்று தெரிந்தால் பயிற்சிக்கு வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன் என்று அந்தக் கம்பெனி அதிகாரி அசோக்குமாரைச் சொல்ல வைத்திருந்தார். அவர் ஒரு வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பார். அதோடு அறையும் சுமலதாவின் வேலையும் இருக்கிறதா போகிறதா என்று முடிவாகிவிடும்.

"நாலு பிள்ளைங்கள நல்லா தயார் பண்ணி வைங்க மேடம்," என்றார் பாஸ்கரன்.

தயார் பண்ண என்ன இருக்கிறது சார், யாரை வேண்டுமானாலும் கேட்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தாள். அன்று அவள் முகத்தில் துளி பயம் இல்லை.

அசோக்குமார் பெங்களூரில் வளர்ந்தவர். தமிழ் நன்றாகப் பேசுவார், எழுத்துக் கூட்டிப் படிக்க மட்டும் வராது. தரையிலேயே பிள்ளைகளோடு சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து புத்தகங்களைப் பற்றிப் பேசினார்கள். மேகத்தின் தங்கைக்கு ஏன் பசிக்கவில்லை என்று ஒருவன் கேட்க, அவர் வாய்விட்டுச் சிரித்தார். முயல் புலிக்கு எந்தக் காய்கறியைக் கொடுத்தது என்பதில் இரண்டு பெண்களுக்குச் சண்டையே வந்துவிட்டது. பாஸ்கரன் சுவரோரம் நின்று வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

கடைசியில் காவியா எழுந்தாள். 'கருங்கல் பையன்' என்ற புத்தகத்தைப் பற்றிச் சொன்னாள். பர்கூர்ப் பக்கத்துக் கல்குவாரி ஒன்றில் நடக்கிற கதை அது. பையனின் அப்பாவுக்குக் கல் விழுந்து கை நசுங்கிவிடுகிறது. காயம் ஆறினதும் அவர் மறுபடி அதே குவாரிக்குக் கிளம்புகிறார். காவியா சொல்லச் சொல்ல அறையில் சத்தம் அடங்கிவிட்டது. அசோக்குமாருக்கு மனம் இளகிவிட்டது. அந்தப் புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்து வந்து, உனக்கு ரொம்பப் பிடித்த இடத்தை எனக்குப் படித்துக் காட்டு அம்மா, எனக்குத் தமிழ் படிக்க வராது என்றார்.

காவியா புத்தகத்தைப் பிரித்தாள். நடுவில் ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு, வரியின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே படித்தாள். அப்பா வாசலில் செருப்பு மாட்டுகிறார். பையனின் தங்கை ஓடி வந்து அவருடைய நல்ல கையைப் பிடிக்கிறாள். பிடித்துக்கொண்டு கேட்கிறாள்:

"அப்பா, நாளேனூ அல்லிகே ஹோக்தியா?"

அப்பா, நாளைக்கும் அங்கேயே போவியா என்று அர்த்தம். அசோக்குமார் நிமிர்ந்து உட்கார்ந்தார். தமிழ்ப் புத்தகத்தில் நம் கன்னடமும் வருகிறதா என்று அவருக்கு ஒரே சந்தோஷம். கையைத் தட்டினார். பிள்ளைகள் தட்டினார்கள், பாஸ்கரனும் தட்டினார்.

சுமலதா தட்டவில்லை.

அந்தப் புத்தகத்தில் தங்கை பேசவே மாட்டாள், கண்ணுகளா. வாசலில் வந்து நிற்பாள், அவ்வளவுதான். அதைப் படித்த வாரம் சுமலதா பிள்ளைகளிடம் சொன்ன அபிப்பிராயமே அதுதான். புத்தகம் உண்மையானது, ஆனால் எழுதினவர் தங்கையை ஊமையாக நிறுத்திவிட்டார், அவளுக்கு வாய் கொடுத்திருந்தால் என்ன கேட்டிருப்பாள் என்று சொல்லி, அந்தக் கன்னட வாக்கியத்தைத் தானே சொல்லிக் காட்டியிருந்தாள். அச்சில் இல்லாத அந்த வாக்கியத்தின்மேல்தான் காவியாவின் விரல் ஓடியது.

அறை இந்த வருஷம் இருக்கட்டும் என்று அசோக்குமார் சொல்லிவிட்டுப் போனார். பங்குனியில் சென்னையிலிருந்து கம்பெனியின் மேலதிகாரி ஒருவர் வருவார், அவருக்கும் பிள்ளைகள் இதேபோலப் படித்துக் காட்டினால் பிறகு எப்போதும் கவலை இல்லை என்றார். பாஸ்கரன் சுமலதாவுக்கு டீ வரவழைத்துக் கொடுத்தார். அவள் அதைத் தொடாமல், பஸ் வரிசையில் நின்ற காவியாவை ஓரமாக அழைத்துப் போனாள்.

அதே புத்தகத்தை நீட்டி, முதல் பக்கத்தைப் படி என்றாள். காவியா பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு ஓர் எழுத்தைப் பிடித்தாள், அடுத்த எழுத்துக்குப் போவதற்குள் முதல் எழுத்து அவள் கையிலிருந்து நழுவிவிட்டது. மூன்றாவது சொல்லில் நின்றுவிட்டாள். பரீட்சையில் எப்படி எழுதுகிறாய் என்றதற்கு, போர்டில் இருப்பதைப் பார்த்து வரைவேன் மிஸ் என்றாள். வரைவேன் என்றே சொன்னாள்.

"அப்ப இத்தனை நாளா புக்கு எடுத்துட்டுப் போனியே காவியா?"

"பாத்துட்டு வெச்சிருவேன் மிஸ். நீங்கதான் முழுக்க சொல்லிட்டீங்களே."

"நான் சொன்னா போதுமா? நீ ஒருதரம் உள்ள என்ன இருக்குன்னு பாக்க வேணாமா?"

காவியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் அவள் பதில் சொல்லாமல் இருக்கிறவள் இல்லை. "நீங்க சொல்றப்ப அந்தப் பொண்ணு எங்க பாஷையில பேசுவா மிஸ். புக்குக்குள்ள போனா அவ எங்கிட்ட பேசவே மாட்டேங்கறா."

மறுநாள் சுமலதா அலமாரிகளைத் திறந்து புத்தகங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். வழவழப்பான தாள் அல்லவா, பல புத்தகங்களில் அச்சகத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த பக்கங்கள் ஒட்டியபடியே இருந்தன. ஒவ்வொரு புத்தகத்துக்கும் நாலைந்து பிரதிகள் உண்டு, அவற்றில் அவள் படித்த பிரதியில் மட்டும் பக்கங்கள் விலகியிருந்தன. மற்ற ஆசிரியர்களிடம் விசாரித்தாள். பாதிப் பேருக்கு எழுத்துக் கூட்ட வராது என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தமிழாசிரியை பொற்கொடி, உங்களுக்குத் தெரியாதா மேடம் என்று ஆச்சரியப்பட்டாள். யாருக்கும் பரீட்சை வைக்காத ஒருத்திக்கு மட்டும்தான் அது தெரியாமல் இருந்தது.

அன்று சாயந்திரம் என் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து, புத்தகத்துக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் நான் கதவாக இருக்கிறேன் என்று நினைத்தேன் அக்கா, சுவராக நின்றிருக்கிறேன் என்றாள். அப்படியெல்லாம் இல்லை என்று நான் ஏதோ சமாதானம் சொன்னேன். அது அவள் காதில் ஏறவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து அபிப்பிராயம் சொல்வதை நிறுத்திவிட்டாள். இனி நான் கதை சொல்ல மாட்டேன், நாம் சேர்ந்து படிப்போம் என்றாள். எறும்புப் புத்தகத்தை நடுவில் வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்ட வைத்தாள். பங்குனிக்குள் ஒரு பக்கமாவது படிக்க வந்துவிட்டால் போதும், அறை தப்பிவிடும் என்று கணக்குப் போட்டாள். ஆனால் வாரத்துக்கு ஒரு பீரியடில் என்ன நடக்கும்? மற்ற நாட்களில் பள்ளி முடிந்ததும் பிள்ளைகள் பஸ்ஸுக்கு ஓட வேண்டும், இல்லையென்றால் இரண்டாவது ஷிப்ட் கூட்டத்தில் மாட்டிக்கொள்வார்கள். எறும்பு ஒரு வரியைத் தாண்டுவதற்குள் மணி அடித்துவிடும். முதலில் பின்வரிசைப் பையன்கள் மைதானத்துக்குப் போனார்கள். பிறகு பெண்கள் தலைவலி என்றார்கள். காவியா கொஞ்ச நாள் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள். தை பிறந்த பிறகு அவளும் வரவில்லை.

சுமலதா கெம்பம்மாவைத் தேடிக் கம்பெனி கேட்டுக்கே போனாள். கெம்பம்மா நீலச் சட்டையோடு வெளியே வந்து, பயந்துபோய், பிள்ளை என்ன தப்பு செய்தாள் என்றுதான் முதலில் கேட்டாள். தப்பு ஒன்றும் இல்லை, தினமும் கால்மணி நேரம் அவளைப் படிக்க வையுங்கள் என்றாள் சுமலதா. யாரைப் பக்கத்தில் உட்கார வைப்பது என்றாள் கெம்பம்மா. அவளுக்கும் தமிழ் எழுத்துத் தெரியாது. அவள் வீடு திரும்பும்வரை சின்னப் பையனைக் காவியாதான் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"தப்பா நினைக்காதீங்க மேடம். முன்ன வெள்ளிக்கிழமையானா வீட்டுக்கு வந்து எல்லாம் சொல்வா. புலி, மேகம், அந்தக் கல்லு ஒடைக்கற பையன். நானும் சின்னவனும் சாப்டுகிட்டே கேப்போம். சின்னவன் அந்த அப்பனுக்காக அழுவான். இப்ப வெள்ளிக்கிழமை வந்தா அவ பேசறதே இல்ல. அத மட்டும் நிறுத்தாம இருந்திருக்கலாம்."

சுமலதா திரும்பி வந்து மறுபடி சொல்லிப் பார்த்தாள். காவியா வந்தாள், மற்றவர்களும் வந்தார்கள். புதிதாக வந்த ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு தொடங்கினாள். பாதியில் நின்றுவிட்டாள். புலி ஒரு வார்த்தை சொன்னால், அதைப் புலி சொன்னதா, நான் சொன்னதா என்று தனக்கே சந்தேகம் வந்துவிடுகிறது என்றாள் என்னிடம். அதனால் புத்தகத்தைப் பார்த்து வரிக்கு வரி பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினாள். அது தமிழில் இருந்தது. பிள்ளைகள் மரியாதைக்காக உட்கார்ந்திருந்தார்கள்.

பங்குனியில் மேலதிகாரி வந்தார். வயதான பெண்மணி, நல்ல தமிழ் வாசகி. அன்பாகத்தான் பேசினார். அசோக்குமார் காவியாவைக் காட்டி, இவள்தான் மேடம், கேட்டுப் பாருங்கள் என்றார். அந்தப் பெண்மணி 'கருங்கல் பையன்' புத்தகத்தைத் தன் கையாலேயே பிரித்து, ஒரு பத்தியைச் சுட்டிக்காட்டி நீட்டினார். காவியா அதை வாங்கிக்கொண்டாள். ஒருமுறை சுமலதாவைப் பார்த்தாள். முன்பு போல விரலை ஓட்டியிருக்கலாம். ஓட்டவில்லை. மூடி, இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"இந்தப் புக்கு எனக்குத் தெரியாதுங்க," என்றாள்.

யாரும் யாரையும் திட்டவில்லை. அந்தப் பெண்மணி இன்னும் சிலரிடம் கொடுத்துப் பார்த்துவிட்டு, பாஸ்கரனோடு வராந்தாவில் நின்று மெதுவான குரலில் பேசினார். புத்தகங்களை வீணாக்க வேண்டாம், படிக்கிற பிள்ளைகள் இருக்கிற இடத்துக்கு அனுப்பிவிடலாம் என்றார். அது நியாயம்தான் என்று சுமலதாவுக்கும் பட்டது.

கோடை லீவில் புத்தகங்கள் வந்த பெட்டிகளிலேயே திரும்பப் போயின. அறையில் சாய்வான பலகைகளை வரிசையாக நிறுத்தினார்கள். பள்ளி திறந்ததும் ஒன்பதாம் வகுப்பையும் பயிற்சியில் சேர்த்துவிட்டார்கள். பலகையில் அடித்த ஆணிகளுக்கு நடுவே சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ஒயரை இழுத்துக் கட்ட வேண்டும். எதற்குப் பக்கத்தில் எது என்று நிறத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம், எழுத்துத் தேவையில்லை. காவியாவின் கைதான் எல்லாரையும்விட வேகம் என்று பயிற்சி கொடுக்க வருகிறவர் பாராட்டுகிறாராம். அவள் இப்போது அதிகம் பேசுவதில்லை. கம்பெனியில் நிரந்தரமாக எடுத்துக்கொள்வார்கள் என்று கெம்பம்மா நம்பிக்கொண்டிருக்கிறாள். நம்பட்டும், பாவம்.

சுமலதாவை அனுப்பிவிடாமல், அலுவலகத்தில் போனை எடுக்கவும் பஸ் வந்ததா வரவில்லையா என்று சொல்லவும் வைத்துக்கொண்டார் பாஸ்கரன். தன்னால் முடிந்ததை அவர் செய்தார். ஆனால் அந்த அறை வழியாகப் போக வேண்டியிருந்தால் அவள் மைதானத்தைச் சுற்றிக்கொண்டு போகிறாளாம். பொற்கொடி சொன்னாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனேன். தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து சிறுவர் புத்தகம் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தாள். தன் காசில் வாங்கினது போலிருக்கிறது. அட்டையில் ஆட்டுக்குட்டியோடு ஒரு பையன். எனக்கு உள்ளுக்குள்ளே சின்னதாக ஓர் ஆசை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, எப்படி இருக்கிறது இந்தப் புத்தகம் என்று கேட்டேன். பையனைக் கிழிப்பாள், இல்லை ஆட்டுக்குட்டிக்குப் பரிந்து பேசுவாள், எழுதினவரை ஒரு பிடி பிடிப்பாள் என்று காத்திருந்தேன்.

அட்டையில் படிந்த தூசியைத் தட்டினாள்.

"நல்லா இருக்குக்கா," என்றாள். புத்தகத்தை மூடிவிட்டு, என் கையிலிருந்த துணியில் பாதியை வாங்கி மடிக்க ஆரம்பித்தாள்.

அவ்வளவுதான் கண்ணுகளா, கதை. இதற்கு மேலே ஏதாவது நல்லது நடந்திருந்தால் மறைக்காமல் சொல்லியிருப்பேன். எழுந்து பத்திரமாக வீட்டுக்குப் போங்கள். ஷிப்ட்டுக்குப் போன உங்கள் வீட்டுக் கைகளெல்லாம் முழுசாகத் திரும்பி வரட்டும். உங்கள் வீட்டில் உலை கொதிக்கிற நேரத்தில் கதை பேச ஒரு பிள்ளையும், கைவேலையை நிறுத்திவிட்டுக் கேட்க ஒரு தாயும் எப்போதும் இருக்கட்டும். அந்தப் பிள்ளை எந்த மொழியில் சிரிக்கிறதோ, எந்த மொழியில் அழுகிறதோ, அந்த மொழியிலேயே பேசுகிற ஒரு புத்தகம் உங்கள் வீட்டு வாசலைத் தேடி வரட்டும்.